நான்கு கேமரா, ஒரு துவாலை: வீட்டுக் காவல் கருவி பற்றிய பதினான்கு மாத மதிப்பீடு

வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், பதினான்கு மாதம் பயன்படுத்திக் கண்டதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் வாங்கியது நான்கு கேமராக்கள், காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், கைப்பேசியில் பார்ப்பதற்கான செயலி ஆகியவை அடங்கிய தொகுப்பு. வயரும் பொருத்துகூலியும் சேர்த்து 23,500 ரூபாய் ஆயிற்று. மின்சாரம் போகும் நேரங்களுக்காகப் பிறகு வாங்கிய சிறிய யுபிஎஸ் தனியாக 2,800 ரூபாய். தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை எந்தப் பெயரிட்ட பெட்டிக்கும் பொருந்தும். ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். கீழக்கரைக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் ஓர் ஊர் என்ற அளவில் போதும். வீட்டின் எந்த மூலையில் கேமரா இல்லை என்பதை எழுதப்போகிறவன் முகவரியையும் சேர்த்து எழுதினால் அவனைவிட ஏமாளி வேறு யார்?

வாங்கிய காரணம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரியவர்கள் துபாயிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். நானும் பத்தொன்பது ஆண்டுகள் துபாயில் கணக்கெழுதிவிட்டு 2023-இல் திரும்பியவன். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்கள் சிலவற்றின் வழக்கப்படி பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். ஆகையால் நான் காவல் காக்க முனைந்தது என் மனைவியின் வீட்டை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

முதலில் கருவியைப் பற்றி. பகல் காட்சி தெளிவாக இருக்கிறது. வாசலில் நிற்பவரின் சட்டைக் கட்டத்தைக்கூட எண்ணிவிடலாம். இரவில் அகச்சிவப்பு விளக்கின் துணையால் இருபது மீட்டர் வரை தெரியும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். இருபது மீட்டரில் ஓர் ஆள் நிற்பது தெரிகிறது என்பது உண்மையே. அந்த ஆள் யார் என்பது ஆறேழு மீட்டருக்குள் வந்தால்தான் தெரிகிறது. திருடனுக்கு அவ்வளவு நெருங்கி வரும் நல்லெண்ணம் இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கின்றன, பூச்சிகளைத் தேடிச் சிலந்திகள் வருகின்றன, கண்ணாடிக்கு முன்னால் வலை பின்னுகின்றன. காலையில் முந்தைய இரவைப் பார்த்தால் திரை முழுவதும் வெள்ளைப் புகை. வாரம் ஒருமுறை ஒட்டடைக் கோலோடு ஏணியில் ஏற வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய பகை உப்புக்காற்று. உள்நாட்டு ஊர்களில் ஐந்து ஆண்டுகள் தாங்கும் இணைப்பு முனைகள் இங்கே எட்டாம் மாதத்திலேயே பச்சை பூத்தன. ஆடி மாதத்துக் கச்சான் காற்று மணலை வாரி அடித்ததில் மேற்குப் பார்த்த கேமராவின் கண்ணாடி சொரசொரப்பாகிவிட்டது. அதன் இரும்புத் தாங்கி துருப்பிடித்துச் சுவரில் நீளமாகக் காவிக்கோடு இறங்கியிருக்கிறது. கடற்கரையில் இருப்பவர்கள் இணைப்பு முனைகளைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள்; தாங்கி இரும்பாக வேண்டாம். நீர் புகாது என்று சான்று பெற்ற கேமராவில் நீர் புகவில்லைதான். உப்பைப் பற்றி அந்தச் சான்று எதுவும் சொல்லவில்லை என்பதை நான் தாமதமாகக் கவனித்தேன்.

நான்கு கேமராக்களும் இடைவிடாது பதிவு செய்தால் ஏறத்தாழ பன்னிரண்டு நாள் காட்சிகள் ஹார்ட் டிஸ்கில் நிற்கின்றன. அதன்பின் பழையவை தாமாக அழிந்து புதியவை ஏறுகின்றன. அசைவு தெரிந்தால் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதியை முதல் வாரத்தில் ஆர்வத்தோடு இயக்கி வைத்தேன். ஒரே இரவில் அறுபத்துமூன்று எச்சரிக்கைகள். அவற்றுள் முருங்கைக் கிளைக்கு நாற்பதுக்கு மேல், பூனைக்குப் பத்து, மீதி ஆட்டுக்கு. அதன்பிறகு அணைத்துவிட்டேன். பதினான்கு மாதத்தில் நடந்த ஒரே திருட்டு, கொல்லையில் ஓடிய மோட்டார் வயரை யாரோ வெட்டிக்கொண்டு போனது. கேமரா அதைப் பிடித்தது. தலையில் துண்டு கட்டிய ஒருவரின் முதுகு, மிகத் தெளிவாக, நான்கு நிமிடம்.

இவ்வளவையும் மீறி, வாங்கியது வீண் என்று நான் சொல்லவில்லை. என் மாமி, அதாவது மனைவியின் தாயார், கேமரா வந்த பிறகுதான் இரவில் முழுமையாகத் தூங்குகிறார். கதவு தட்டப்பட்டால் எழுந்துபோய்த் துவாரத்தில் கண்ணை வைக்க வேண்டியதில்லை. படுக்கையறையில் உள்ள சிறிய திரையைப் பார்க்கிறார். எழுபது வயதுக்கு மேல் தனியாகப் பல ஆண்டுகள் இருந்த ஒரு பெண்ணுக்கு இந்தத் தூக்கத்தின் விலை 23,500 ரூபாயைவிட அதிகம். "ஓட்டு போட்டு என்ன கண்டோம்? ராத்திரி பயமில்லாமல் படுத்தால் அதுதான் சுதந்திரம்" என்று அவர் ஒருமுறை சொன்னார். அந்தச் சொல்லை எளிதில் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. துபாயில் இருந்தவரை நானும் ஏறக்குறைய அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

துபாயின் தேரா பகுதியில் ஒரு ரொட்டிக் கடை மேசையில் என் பணப்பையை மறந்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பிப் போய் அதே இடத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குப் பெண்கள் தனியாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இரவில் தனியாக நடக்க அச்சமில்லையா என்று மக்களைக் கேட்டு எடுக்கும் உலகக் கருத்துக்கணிப்புகளில் சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் தொடர்ந்து முன்வரிசையில் நிற்பது எனக்கு வியப்பாக இல்லை. ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் இன்னொரு பட்டியல் இருக்கிறது. அதில் நூறு புள்ளிகளில் நாற்பது அரசியல் உரிமைகளுக்கு, அறுபது குடிமைச் சுதந்திரங்களுக்கு. அந்தக் கணக்கில் அமீரகம் சுதந்திரமற்ற நாடு, சிங்கப்பூர் ஓரளவு சுதந்திரமுள்ள நாடு. இந்தியாவும் 2021 முதல் அந்த ஓரளவுப் பிரிவில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே மனிதன் ஒரே தெருவில் நடக்கும்போது ஒரு பட்டியலில் முதல் வரிசையிலும் மறு பட்டியலில் கடைசி வரிசைகளிலும் நிற்கிறான் என்றால், அளவுகோல்களில் ஏதோ ஒன்று பொய் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது நூலறிவு அன்று; இந்த டிவிஆர் பெட்டிதான்.

கேமரா பொருத்திய இரண்டாம் நாள் என் மனைவி மூன்றாம் எண் கேமராவின்மேல் ஒரு நீலத் துவாலையைத் தொங்கவிட்டார். அது உள்முற்றத்தைப் பார்க்கும் கேமரா. தண்ணீர் இறைக்கவும் துணி உலர்த்தவும் தலை காயவைக்கவும் வீட்டுப் பெண்கள் தலைத்துணி இல்லாமல் நடமாடும் இடம் அது. திருடன் அந்த வழியாகத்தான் சுவர் ஏறிக் குதிக்க முடியும் என்று நான் எடுத்துச் சொன்னேன். திருடன் வருவது என்றோ ஒருநாள், நான் இங்கே நடப்பது தினமும் என்று அவர் சொன்னார். அன்றாடப் பாதுகாப்பு என்று நான் ஒற்றைப் பொருளாகக் கருதியதற்குள் இரண்டு இருந்ததை அப்போதுதான் கண்டேன்: களவிலிருந்து பாதுகாப்பு, கண்ணிலிருந்து பாதுகாப்பு. முதலாவதை வாங்கப்போன நான் இரண்டாவதைச் செலவு செய்திருந்தேன், அதுவும் என்னுடையதல்லாத ஒன்றை.

நான்காம் கேமராவின் கதையும் இதனோடு சேர்ந்ததுதான். அது பின்புறச் சந்துப் பக்கம் பார்க்கிறது. எங்கள் ஊர்களில் இத்தகைய சந்துகள் பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெருந்தெருவைத் தொடாமல் போய்வரும் வழிகள். மூன்றாம் வாரத்தில் பக்கத்து வீட்டு ராத்தா, அதாவது அக்கா, வாசலுக்கு வந்து, "தம்பி, உங்க கேமரா எங்க கிணத்தடியைப் பாக்குது" என்றார். செயலியைத் திறந்து காட்டினேன். அவர் சொன்னது சரி, திரையின் இடது மூலையில் அவர்கள் கிணற்றடியின் பாதி தெரிந்தது. மறுநாளே திருப்பிவிட்டேன். அவர் என்னிடம் வந்ததற்கு ஒரு காரணம் நல்ல அண்டை. இன்னொரு காரணம் அவர் போவதற்கு எளிதான வேறு இடம் இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்த அல்லது வீட்டுப் பயன்பாட்டுக்காகச் சேர்க்கும் தரவுக்கு விலக்கு அளிக்கிறது. நான் பிடிவாதக்காரனாக இருந்திருந்தால் அந்தக் கிணற்றடி இன்றும் என் ஹார்ட் டிஸ்கில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை சுழன்றுகொண்டிருக்கும்.

இனிச் சொல்லப்போவது இந்தத் தொகுப்பின் முதன்மையான குறை. வாங்குவோர் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும். பதினோராம் மாதத்தில் என் கைப்பேசி கடலில் விழுந்தது. புதிய கைப்பேசியில் செயலியை ஏற்றி, டிவிஆர் பெட்டியின் அடியில் இருந்த குறியீட்டைப் படம் பிடித்தபோது, 'இக்கருவி வேறொரு கணக்கில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது' என்ற செய்தி வந்தது. விசாரித்ததில் உண்மை தெரிந்தது. பொருத்திய இளைஞர் முதல் நாளே பெட்டியைத் தம் கணக்கில் பதிந்து, எனக்கு அதிலிருந்து ஒரு பங்கைத்தான் கொடுத்திருக்கிறார். சட்டப்படி பெட்டி என்னுடையது. செயலியைப் பொறுத்தவரை உரிமையாளர் அவர், நான் அவருடைய விருந்தாளி. அவர் நினைத்திருந்தால் எந்த நேரத்திலும் எங்கள் வாசலைப் பார்த்திருக்கலாம், பதிவை அழித்திருக்கலாம், என் பங்கை ஒரு விரல் அசைவில் நீக்கியிருக்கலாம். "பழுது வந்தால் கடையிலிருந்தே பார்த்துச் சரிசெய்யலாமே என்றுதான் அண்ணே, எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் செய்கிறோம், ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை" என்று அவர் சொன்னார். அவர் பார்த்திருக்க மாட்டார் என்றே நானும் நம்புகிறேன், மரியாதையான பிள்ளை. அன்றே தம் கணக்கிலிருந்து விடுவித்தும் கொடுத்தார். மூன்றாம் கேமராவின்மேல் துவாலை போட்ட என் மனைவியின் முகத்தை நான் சில நாள் நேராகப் பார்க்கவில்லை என்பது வேறு.

அந்தப் பதினோரு மாதமும் எங்களுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. மாமி நன்றாகத் தூங்கினார். பாதுகாப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் பதினோராம் மாதத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மதிப்பெண்தான் கொடுக்க வேண்டும். ஆனால் முன்னது ஒருவருடைய நல்ல குணத்தால் கிடைத்தது. அந்தக் குணம் மாறினால் கேட்பதற்கு எனக்கு இடமில்லை, கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. துபாயில் நான் இருந்த நிலைக்கும் இதற்கும் வேறுபாடு காண முயன்று தோற்றேன். என் கஃபீல், அதாவது விசா கொடுத்து வேலைக்கு வைத்திருந்த முதலாளி, தங்கமான மனிதர். பத்தொன்பது ஆண்டில் ஒரு மாதச் சம்பளம் தள்ளிப்போனதில்லை. என் வாப்பா மௌத்தானபோது, அதாவது தந்தை இறந்தபோது, கேட்காமலே பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தார். என் அறையிலேயே தங்கியிருந்த தேவிபட்டினத்து நண்பருக்கு வாய்த்த முதலாளி ஏழு மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, கடவுச்சீட்டையும் தம் மேசைக்குள் பூட்டி வைத்திருந்தார். இருவரும் ஒரே பாதுகாப்பான தெருவில் நடந்தோம், ஒரே கட்டிலின் மேலும் கீழும் படுத்தோம். அவர் சங்கம் சேர முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது, தெருவில் நான்கு பேரைக் கூட்டி நியாயம் பேச முடியாது. 2022 பிப்ரவரியில் அங்கே நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்துவைப்பதைத் தடைசெய்கிறது. நல்ல சட்டம், வரவேற்கிறேன். அதை ஆக்குவதிலோ நாளை மாற்றுவதிலோ எங்கள் குரல் ஒரு துளியும் கலக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கேயும் அப்போது எனக்குக் குரல் இருந்ததா என்றால், 2011 முதல் வெளிநாடு வாழ் இந்தியர் வாக்காளராகப் பதியலாம், ஆனால் வாக்களிக்க நேரில் வாக்குச்சாவடிக்கு வந்தாக வேண்டும். விமானக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்து எல்லாத் தேர்தல்களையும் நான் தவறவிட்டேன். அதற்காக அந்நாளில் வருந்தியதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்தப் பேச்சைப் படகுத்துறைத் தேநீர்க் கடையில் எடுத்தபோது, முதிய படகுக்காரர் ஒருவர் மறுத்தார். "எமர்ஜென்சியில ரயில் நேரத்துக்கு வந்துச்சு பாய், ரேஷன்ல சரக்கு ஒழுங்கா இருந்துச்சு. பேசக் கூடாதுன்னாங்க, பேசி யாருக்கு என்ன ஆச்சு?" அவர் சொல்வதில் பொய் இல்லை, 1977 தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டபோதும் தமிழ்நாட்டில் அந்தக் கட்சி இடம்பெற்ற அணிதான் பெருவாரியாக வென்றது. 1975-77 நெருக்கடிநிலை தம் அடுப்பங்கரைக்கு வரவில்லை என்று எண்ணியவர்கள் இங்கே நிறையப் பேர் இருந்தார்கள். நான் அவரிடம் ஒரு தேதியை மட்டும் நினைவுபடுத்தினேன். கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்த 1974 ஜூன் ஒப்பந்தத்தை எதிர்த்து அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானம் ஒப்பந்தத்தைத் தடுக்கவில்லை. ஆனாலும் இங்கே ஒரு மறுப்பு இருக்கிறது என்பதைப் பதிவு செய்தது. 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அதன்பின் ஏழு வாரம் கழித்து, மார்ச் 23 அன்று, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடல் எல்லைக்குள் மீன்பிடிக்கலாகாது என்று வரையறுக்கும் கடிதங்கள் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களிடையே கைமாறின. அந்த நாளில் சென்னையில் தீர்மானம் போடச் சட்டமன்றமும் இல்லை, நாளேட்டில் தணிக்கையின்றி எழுத வழியும் இல்லை. இன்று இராமேசுவரத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் கடலுக்குப் போகிறவர் கரை திரும்புவாரா என்று வீட்டில் காத்திருப்பவர்களின் அச்சத்தைவிட அன்றாடமான பாதுகாப்புப் பிரச்சினை இந்தக் கடற்கரையில் வேறில்லை. அதன் ஒரு வேர், எல்லாம் ஒழுங்காக நடந்ததாகச் சொல்லப்படும் அந்த அமைதியான மாதங்களில் ஊன்றியது. சட்டமன்றம் இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று நான் வாதாடவில்லை. கேட்பதற்கு அன்று ஆளே இல்லை என்பதுதான் நான் அவரிடம் சொன்னது. அவர் தேநீரை முடித்துவிட்டு, "அது சரிதான். ஆனா ரயில் நேரத்துக்கு வந்துச்சு" என்றார்.

அதே 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், நெருக்கடிநிலையில் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்துவைக்கப்பட்டவர்கூட ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை அணுக முடியாது என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறுத்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. அந்தத் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாகத் தள்ளுபடி செய்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று வந்த ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நிலைநாட்டியதும் அதே தீர்ப்புதான். இரவில் கதவு தட்டப்பட்டு ஒருவர் கொண்டுபோகப்பட்டால் அவர் எங்கே என்று கேட்கும் உரிமையும், ஒருவரின் முற்றத்தைப் பிறர் பார்க்கலாகாது என்ற உரிமையும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பது, கேமரா வாங்கியவனுக்குப் படிக்கத் தகுந்தது. ஆயினும் அந்த உரிமை முதன்மையாக அரசை நோக்கியது. பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை என்பதை மேலேயே சொன்னேன்.

மீண்டும் கருவிக்கு. நான்காம் கேமராவின் இரவுக் காட்சி முதல் நான்கு மாதம் படுமோசமாக இருந்தது. கேமராவை மாற்றித் தரும்படி கடையில் சண்டை போடவும் தயாரானேன். உண்மையில் சந்து முனையின் தெருவிளக்கு எரியவில்லை. அகச்சிவப்பு விளக்கு எட்டாத இருட்டில் எந்தக் கேமராவும் இருட்டையே பதிவு செய்யும். இதை மாமியிடம் சொன்னபோது, அலமாரியிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து காட்டினார். என் மாமனார் இதே விளக்குக்காக எழுதிய மனுக்களின் நகல்கள் அதற்குள் இருந்தன, ஒப்புகைச் சீட்டுகளோடு. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின் 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். மனுக்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. அலுவலர் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார், மனுவும் திரும்பத் திரும்ப முதல் மனுவாகவே இருந்திருக்கிறது. மாமனார் 2020-இல் காலமானார். விளக்கு அதற்கும் எரியவில்லை.

இந்த முறை மாமி மனு எழுதவில்லை. ஒரு திருமண விருந்தில் வார்டு உறுப்பினரைப் பார்த்துப் பந்தியிலேயே கேட்டிருக்கிறார். உறுப்பினரும் பெண்தான், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஒன்பதாம் நாள் எல்.இ.டி. விளக்கு எரிந்தது. அவர் செய்தது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அடுத்த தேர்தலில் எங்கள் சந்து வழியாக அவர் நடந்தாக வேண்டும். விளக்கு வந்த அன்றிரவு நான்காம் கேமராவின் காட்சி ஏறத்தாழப் பகல் போல் ஆயிற்று. பதினான்கு மாதத்தில் இந்தத் தொகுப்புக்குக் கிடைத்த மேம்பாடுகளில் செலவில்லாததும் பெரியதும் அதுவே. ஓட்டு போட்டு என்ன கண்டோம் என்ற மாமியின் கேள்விக்கு நான் விளக்கைச் சுட்டிக்காட்டினேன். "அது நான் கேட்டதால் வந்தது" என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிவிட்டது. நகர்ப்புறத்துக்கு விடிந்த பிறகு இப்போது கிராமங்களின் முறை வந்திருக்கிறது: எங்கள் மாவட்டத்தின் ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

கேமரா வைத்திருப்பவருக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்கிறது. இரண்டு தெரு தள்ளி நடந்த அடிதடிக்காக இரண்டு இரவுகளின் பதிவைக் காவலர் ஒருவர் கேட்டார்; கொடுத்தேன், மகிழ்ச்சியாகவே கொடுத்தேன். சில மாதம் கழித்து, குடிநீருக்காக எங்கள் தெருமுனையில் மறியல் செய்தவர்களின் முகங்கள் முதல் கேமராவில் இருக்குமா என்று சீருடை இல்லாத ஒருவர் வந்து விசாரித்தார். எழுத்தில் கேளுங்கள், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவில் அதற்கு வழியிருக்கிறது என்று சொன்னேன். போனவர் திரும்பவில்லை. பதிவு பன்னிரண்டாம் நாள் தானாக அழிந்தது. எங்கள் மாவட்டத்தில் செப்டம்பரில் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளையும் அக்டோபரில் பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூசையையும் ஒட்டித் தடையுத்தரவு போடுவது ஆண்டுச் சடங்குபோல் ஆகிவிட்டது. கூட்டம் கூடாமல் இருப்பதே அமைதி என்று பழகிப்போன ஊரில், கூட்டத்தைப் படம் பிடிக்கும் கருவியைச் சொந்தச் செலவில் மாட்டியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இரவில் ஆறேழு மீட்டருக்கு அப்பால் திருடனின் முகத்தைக் காட்டாத கேமரா, பகலில் மறியல் செய்பவரை இருபது மீட்டரிலும் அடையாளம் காட்டும்.

வாங்க விரும்புவோருக்கு இவ்வளவு சொல்லலாம். நான்கு வேண்டாம், இரண்டு போதும்: வாசலுக்கு ஒன்று, பூட்டிக் கிடக்கும் பக்கத்துக்கு ஒன்று. பொருத்தும் நாளில் நீங்களே உங்கள் கைப்பேசியில் கணக்கைத் தொடங்கி, பெட்டியின் குறியீட்டை நீங்களே படம் பிடியுங்கள். பொருத்துபவருக்குத் தேவையென்றால் நீங்கள் பங்கு கொடுங்கள், வேலை முடிந்ததும் நீக்குங்கள். தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பும் கடவுச்சொல்லை அப்படியே விடாதீர்கள். இந்தியாவில் விற்கப்படும் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், ஆனால் அந்தச் சோதனை கருவியைத்தான் பார்க்கும், கணக்கு யார் பெயரில் என்பதைப் பார்க்காது. திரையைத் திறந்து, உங்கள் எல்லைக்கு வெளியே எது தெரிகிறதோ அந்த வீட்டாரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். கடற்கரையென்றால் ஒட்டடைக் கோல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். மாமியின் தூக்கத்துக்கு இரண்டு, பகல் காட்சிக்கு ஒன்று. மூன்றாம் கேமராவைச் சென்ற மாதம் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டோம். ஆணி அடித்த இடத்தில் நீலத் துவாலை இப்போது உலர்கிறது. கடவுச்சொல்லை மாற்றியவர் என் மனைவி. அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். குறிப்பேடு எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லவில்லை, அது அவருடைய வீடு.